ஒரு விரல் மூக்கு

அந்த அக்கா முதல்முறை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கதவைத் திறந்ததும், "உங்க வீட்லதான குக்கர் விசில் வராம முக்கிக்கிட்டு கெடக்கு? ஓட்டை அடைச்சிருக்கும். மொதல்ல அடுப்ப அணைங்க, வெடிச்சிரப் போவுது" என்றார், தமிழில். புனே விஷ்ராந்த்வாடியின் அந்தக் குடியிருப்புக்கு நாங்கள் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வாசல் கோலத்தைப் பார்த்தே நம்ம ஆட்கள் என்று முடிவு கட்டியிருக்கிறார். அடுப்பில் குக்கரே இல்லை என்றாள் என் மனைவி. அந்த நேரம் பார்த்து சோபாவுக்கு அடியிலிருந்து எங்கள் லட்டு வெளியே வந்தான். சத்தமும் அவனோடு சேர்ந்து வெளியே வந்தது.

லட்டு ஒரு பக் நாய். சப்பை முகம், உருண்டைக் கண், சுருட்டிய வால். ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் அழுது அடம்பிடித்து வாங்கிய செல்லம். எந்த அறையில் இருக்கிறான் என்று அவனைத் தேடவே வேண்டியதில்லை, மூச்சுச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அவன் குறட்டையைச் செல்போனில் பதிவு செய்து சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பியிருந்தோம். வேலூரிலிருந்து என் தம்பி, "அப்படியே நம்ம பெரியப்பா" என்று பதில் போட்டிருந்தான்.

அக்கா எங்களைச் சட்டை செய்யவில்லை. அறுபதை நெருங்கிய கனத்த உடம்பு. மெல்ல மண்டியிட்டு, லட்டுவின் தொண்டையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இது கொறட்ட இல்ல தம்பி. இழுக்குது. மூக்கு ஓட்டையப் பாருங்க, ஊசி போவுமா இதுல? மொகத்த நசுக்கி நசுக்கி அதுதான் அழகுன்னுட்டாவ. உள்ள இருக்கவேண்டிய சதையெல்லாம் எங்க போவும்? தொண்டைக்குள்ளதான் மடங்கிக் கெடக்கும்" என்றார். பிறகு ஆள்காட்டி விரலை லட்டுவின் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவில் படுக்கவைக்கப் பார்த்தார். இடம் இல்லை. "ஒரு வெரல் மூக்கு வேணும். ஒரே ஒரு வெரல் இருந்தாப் போதும், அது பாட்டுக்கு மூச்சு விடும்."

காபியைத் தொடாமல் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடிவந்த வீட்டில் குழந்தையைக் குறை சொன்ன மாதிரிதான் இருந்தது.

அவரைக் குடியிருப்பில் எல்லோரும் 'பக்வாலி ஆன்ட்டி', அதாவது பக் நாய்க்காரம்மா, என்றார்கள். தரைத்தளத்தில் சின்னத் தோட்டத்தோடு கூடிய வீடு. நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமாகி புனே வந்தவர். கணவர் கிர்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றைப் பேசுகிற மனிதர். அக்கா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து, வேலையை விட்டபின் இரண்டு காரியங்களை விடாமல் செய்துகொண்டிருந்தார். ஒன்று, தமிழ்க் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவைப் பழக்குவது. இன்னொன்று, பக் நாய் வளர்ப்பது. எனக்குத் தெரிந்து இரண்டையும் அவர் ஒரே மாதிரிதான் செய்தார். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து, யார் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று கவனிப்பார்.

பாடகர் குழுவில் அவர் கணவரும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறார். கிறிஸ்துமஸ் ஒத்திகையில் சுருதி இறங்குகிறது என்று எல்லோர் முன்னாலும் அவரை எழுப்பி, நாற்காலி அடுக்குகிற வேலைக்கு அனுப்பிவிட்டார் அக்கா. இருபது வருஷம் குடும்பம் நடத்திய மனிதரை இப்படிச் செய்யலாமா என்று, அவர்கள் ஐயர் என்று அழைக்கும் போதகரே கேட்டிருக்கிறார். "பாசத்துக்கு ஓட்டு கிடையாது ஐயரே" என்றாராம். இதை எனக்குச் சொன்னது கணவர்தான். சொல்லிவிட்டு, "சுருதி எறங்கத்தான் செஞ்சிச்சு" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

'பாசத்துக்கு ஓட்டு கிடையாது' என்பது அந்த வீட்டின் சட்டம். எந்த நாய் குட்டி போடலாம், எது கூடாது என்பதை அக்காவின் காது முடிவு செய்யும். வெயில் ஏறுமுன் நாய்களை ஆளந்தி ரோடு வழியாக நிற்காமல் நடத்திக்கொண்டு போய்த் திரும்புவார். வந்ததும் தோட்டத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றின் தொண்டையிலும் காதை வைப்பார். இழுப்பு இருந்தால் கருத்தடை, வீட்டிலேயே வாசம். நல்லபடியாக மூச்சு விடுவதற்கு மட்டும் கல்யாணம். அதன் குட்டிகளில் நல்லவை வேறு வீடுகளுக்குப் போய்விடும்.

இதில் ஒரு கூத்து இருந்தது. நல்ல குட்டிகளெல்லாம் ஊரார் வீட்டுக்குப் போய்விட, தேறாத கேஸ்கள் எல்லாம் அக்கா வீட்டில் சேர்ந்தன. கட்டில் மேல் ஒன்று, ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒன்று, கணவரின் காலடியில் ஒன்று என்று ஆளுக்கொரு சுருதியில் குறட்டை விட்டன. நன்றாக மூச்சு விடும் பக் இங்கே கிடைக்கும் என்று கேள்விப்பட்டு விமான் நகரிலிருந்து காரில் வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, அந்தக் கச்சேரியைக் கேட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். "அதுகள வெளிய கட்டிப் போட்டா என்னக்கா?" என்று கேட்டேன். "எதுக்கு? மூச்சு முட்டுறது அதுக தப்பா?" என்றார். கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "தூங்கி பல வருசமாச்சு தம்பி" என்றார்.

லட்டுவுக்கு மூக்குத் துவாரத்தை விரிவாக்கும் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தவர் அக்காதான். எங்களைவிட அதிகம் மெனக்கெட்டார். கொஞ்சம் தேவலாம் என்றானதும் என் மகளுக்கு ஆசை வந்துவிட்டது. லட்டுவுக்கு ஒரு குட்டி வேண்டும், அக்கா வீட்டுப் பெண் நாயோடு சேர்த்துவைக்க வேண்டும். நேராகப் போய்க் கேட்டாள். எல்லா மழுப்பலுக்கும் இடம் இருந்தது. பிறகு பார்க்கலாம் என்றிருக்கலாம். அக்காவுக்கு அதெல்லாம் வராது.

"வேண்டாம் பிள்ள. ஆபரேசன் பண்ணுனது இவன் மூக்குக்கு. இவன் பிள்ளைக்கு அந்தப் பழைய மூக்குதான் வரும்."

"பட் ஆன்ட்டி, ஹி இஸ் ஸோ க்யூட்."

"க்யூட்டுதான். யாரு இல்லன்னா?"

மகள் அழுதுகொண்டே படியேறி வந்தாள். ரொம்ப நாள் அக்காவோடு பேசவில்லை. என் மனைவியும் கோலம் போடும்போது அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்தினாள். அக்கா அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. வழக்கம்போல லட்டுவை மாடிப்படியில் நிறுத்திக் காதை வைத்துவிட்டுப் போவார்.

அடுத்த கோடையில் லட்டு போய்விட்டான். மே மாத மத்தியானம், கரண்ட் இல்லை. வீட்டில் மனைவியும் மகளும் மட்டும். ஈரத்துணி, ஐஸ் எல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆட்டோவில் டாக்டரிடம் போகும் வழியிலேயே மகளின் மடியில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. நான் விமான் நகர் ஹோட்டலில் கணக்கு வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது வீடு அப்படி அமைதியாக இருந்தது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா வந்தார். நான் சொன்னேனே கேட்டியளா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல், "இனிமே நோ டாக்ஸ். கபீ நஹீ" என்றாள்.

"சரி பிள்ள. ஆனா ஒண்ணு சொல்லுதேன். இப்படி இழுக்காத ஒரு பக்கு, வாய மூடிக்கிட்டு நிம்மதியா ஒறங்குற ஒண்ணு, அத நான் உண்டாக்கிக் கொண்டாருதேன். அதத்தான் உனக்குத் தருவேன். அது வர வருசமாவும். நீ காத்திரு, இல்ல காத்திராமப் போ. நான் கொண்டாருவேன்."

அந்த வாக்குதான் அக்காவைப் பிடித்து ஆட்டியது என்பது எங்கள் குடியிருப்புக்கே தெரியும்.

பக்குக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தால் தன் ஆயுசு போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒருநாள் தெருமுனை டீக்கடையில் பிஸ்கட் தின்று வளர்ந்த ஒரு தெருநாயை வீட்டுக்குக் கூட்டிவந்து குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அதற்கு ஊரில் பெயரே பிஸ்கட். ஸ்கூட்டர்களை ரோட்டுக் கடைசிவரை துரத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு அலட்சியமாகத் திரும்பி வரும். அக்கா அதைப் பல நாள் கவனித்திருக்கிறார். தடுப்பூசி போட்டு, தன்னுடைய சிறந்த ஆண் பக் சாம்சனுக்கு அதைக் கட்டிவைத்தார்.

குடியிருப்பே சிரித்தது. சிலர் கோபப்பட்டார்கள். ஜாதி நாயைக் கொண்டுபோய் தெருநாயோடு சேர்ப்பாளா ஒருத்தி என்று எங்கள் மாடித் தமிழ்க்காரர் ஒருவர் என்னிடமே சொல்லி வருத்தப்பட்டார். யாரோ அதை அக்கா காதில் போட்டுவிட்டார்கள்.

"சாதிக்குள்ளயே கட்டிக் கட்டித்தான் மூக்கு இந்தக் கதிக்கு வந்திருக்கு. இன்னும் அதுலயே கட்டுனா மூஞ்சியே இருக்காது" என்றார் அக்கா, படிக்கட்டில் நின்று, அவருக்குக் கேட்கும்படியாக. நாய்களைப் பற்றி மட்டும்தான் சொன்னாரா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏன் தாயாகத் தெருநாயை வைத்தீர்கள் என்று நான் கேட்டேன். "பக்குத் தாய்க்கு இடுப்பு சிறுசு, குட்டிக்குத் தல பெருசு. பாதிக்குப் பாதி கத்தி வெச்சுத்தான் எடுக்காவ. பிஸ்கட்டு அப்படியா? நடந்துக்கிட்டே பெத்துப் போட்டுட்டு டீக்கடைக்குப் போயிரும்." கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. பிறந்ததெல்லாம் நீட்டு மூக்கு, நீட்டுக் கால். எதைப் பார்த்தாலும் பக் என்று சொல்ல முடியாது. அவற்றில் ரூத் என்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு நல்ல வீடு பார்த்துக் கொடுத்தார்.

ரூத்துக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். லோஹேகாவில் விமானப்படைக் குடியிருப்பில், ஒரு பஞ்சாபி அதிகாரி வீட்டு பக். அந்தம்மா பகோடாவும் டீயும் கொண்டுவந்து வைத்து உபசரித்தார். அக்கா உட்காரவே இல்லை. "பெஹலே லடுகா சலேகா, பிர் ஹம் காயேகா" என்றார். முதலில் பையன் நடக்கட்டும், அப்புறம் சாப்பிடுகிறோம் என்று அர்த்தம். அக்காவின் இந்தி அப்படித்தான், நாசரேத்திலிருந்து நேராக வந்தது. அதிகாரி தன் நாயைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவந்தார். மேலே ஒரு போர்விமானம் இரைந்துகொண்டு போனது. அது போய் முடியும்வரை அக்கா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவைத்துவிட்டு, பிறகு காதை வைத்தார். நாயைவிட அதிகாரிக்குத்தான் மூச்சு வாங்கியது. "லடுகா டீக் ஹை" என்று சொல்லிவிட்டு அக்கா பகோடா தட்டைக் காலி செய்தார்.

ரூத் போட்ட குட்டிகளில் இரண்டு பெண். மரியா, மார்த்தா என்று பெயர் வைத்தார். மரியா நோஞ்சானாகப் பிறந்து, பால் குடிக்கத் தெரியாமல் கிடந்தது. அக்காவும் கணவரும் மாறி மாறி மடியில் வைத்து, சொட்டுச் சொட்டாகப் பால் விட்டு அதைப் பிழைக்கவைத்தார்கள். வளர வளர அச்சு அசல் பக்காகவே வந்தது. கறுப்பு முகமூடி, நெற்றி மடிப்பு, நல்ல சுருட்டை வால், ஆனால் மூக்குத் துவாரம் விரிந்து திறந்திருந்தது. மார்த்தாவோ கலர் ஒரு மாதிரி, வால் பாதி சுருண்டு பாதி நிமிர்ந்து, ஒரு காது மட்டும் எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். அழகிப் போட்டியில் அதைக் காவல் நிறுத்தலாம், அவ்வளவுதான்.

கேம்ப் என்கிற கடைவீதிப் பக்கம் நாய் வியாபாரம் செய்கிற ஒருவர் மரியாவைப் பார்த்துவிட்டுக் கிறங்கிப்போனார். "ஆன்ட்டிஜி, யே தோ ஷோ பீஸ் ஹை!" என்றார். "ஷோ பீஸ் ஹை தோ அல்மாரி மே ரகோ" என்று, அலமாரியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, அக்கா அனுப்பிவிட்டார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. பெருமை யாரை விட்டது? மரியாவின் குட்டியைத்தான் உன் பெண்ணுக்குத் தரப்போகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லியும் விட்டார். கணவருக்கோ மரியாதான் எல்லாம். அவர் பேசுகிற கொஞ்சநஞ்ச வார்த்தையும் அதனிடம்தான் செலவாயிற்று.

முழுதாக வளர்ந்தபின், ஒரு மார்ச் மாதக் காலையில் இரண்டையும் டேக்டிக்குக் கூட்டிப் போனோம். புனேயில் ஊருக்கு நடுவே எழும்பி நிற்கும் குன்றுகளை அப்படித்தான் சொல்வார்கள். அக்கா, கணவர், நான். மார்த்தா எங்களுக்கு முன்னால் ஓடி, உச்சியில் நின்று எங்களைப் பார்த்துக் குரைத்தது. மரியாவும் ஏறியது. ஆனால் உச்சிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டது. நாக்கு ஓரம் லேசாக நிறம் மாறியிருந்தது. அக்கா காதை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"வெயில் ஏறிட்டு. அதான்" என்றார் கணவர்.

"ஏழு மணிதான் ஆவுது."

"டிசம்பர்ல ஒருக்கா ஏத்திப் பாப்போம்."

"டிசம்பர்ல எல்லா நாயும் மூச்சு விடும்."

"எம்புட்டு கஷ்டப்பட்டு வளத்தோம்! எனக்கு இந்த வீட்ல ஒரு ஓட்டு கூடவா கெடையாது?" என்றார் அவர். அத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஒங்களுக்கு ஓட்டு உண்டும். பாசத்துக்குத்தான் கெடையாது" என்றார் அக்கா. மரியாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டேக்டி முழுவதும் அவரே சுமந்து இறங்கினார். நான் கேட்டும் கொடுக்கவில்லை.

மரியாவுக்குக் கருத்தடை ஆயிற்று. கட்டிலில் அதற்கு ஓர் இடமும் ஆயிற்று. மார்த்தாதான் தாயானது. அதற்கு இன்னொரு வீட்டில் ஒரு பக் மாப்பிள்ளை கிடைத்து, கத்தி இல்லாமல், ஒரு பகல் நேரத்தில் தானே பெற்றுப்போட்டது.

குட்டிகள் வளரும்வரை அக்கா யாருக்கும் எதையும் தரவில்லை. ஒவ்வொன்றாக நடத்தி, படியேற்றி, காதை வைத்து, அவருக்குத் திருப்தியான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த சேலையோடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். நாயை அவள் கையில் கொடுக்காமல் தரையில் விட்டார். "வேண்டாம்னா சொல்லு பிள்ள, கொண்டுபோயிருதேன்" என்றார். அது பக்தான். நெற்றி மடிப்பு இருந்தது, வால் சுருண்டிருந்தது. கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே ஒரு விரலைப் படுக்கவைக்கலாம். மகள் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் துப்பட்டாவைக் கடித்து இழுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதற்கு போஹா என்று அந்த ஊர் அவல் உப்புமாவின் பெயர் வந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு நான் படுத்திருந்தேன். மகளின் அறையிலிருந்து ஒரு அலறல். "அப்பா! போஹா இஸ் நாட் ப்ரீதிங்! ஸாஸ் நஹீ லே ரஹா!" நாங்கள் ஓடினோம். போஹா அவள் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. வாய் மூடியிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. நான் குனிந்து கேட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை. அன்றைக்கு ஆட்டோவில் லட்டுவை உலுக்கியதாக மனைவி சொன்ன மாதிரியே மகள் அதை உலுக்க ஆரம்பித்தாள். மனைவி அக்காவுக்கு போன் போட்டாள். "அக்கா, சத்தமே வரலக்கா!" என்று அழுதாள்.

அக்கா நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு படியேறி ஓடி வந்தார். அவருக்கே மூச்சு இரைத்தது. மகளை ஒதுக்கிவிட்டு மண்டியிட்டுக் காதை வைத்தார். அறையில் யாரும் அசையவில்லை. போஹா ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, மறுபடி தூங்கிப்போனது.

"சவத்தப் பய பிள்ளைகளா" என்றார் அக்கா. "ஒறங்குதுட்டி. சும்மா ஒறங்குது."

மகள் தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஒரு பக் தூங்கினால் வீட்டுக்கே தெரியும் என்றுதான் எங்களுக்கு அதுவரை பழக்கம். அக்கா எழுந்திருக்கவில்லை. படுக்கையின் விளிம்பில் கன்னத்தை வைத்து, போஹாவின் முகத்துக்கு நேரே அப்படியே இருந்தார்.

"செத்த நேரம் இங்கன இருந்துட்டுப் போவட்டுமா?" என்று கேட்டார்.

அந்தப் பக் கூட்டத்தோடு அத்தனை வருஷம் இருந்தவர், ஒன்று தூங்கும்போது பக்கத்தில் இப்படி நிம்மதியாக இருந்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி கொண்டுவந்த டீ ஆறிப்போனது. அக்காவின் போன் அடித்தது. கணவர். பதறியிருந்ததால் அவர் குரல் எங்களுக்கே கேட்டது.

"குட்டிக்கு என்னட்டி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒறங்குது."

"பின்ன ஏன் அழுத?"

அக்கா போனை மெல்ல போஹாவின் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தார். அந்தப் பக்கம் பின்னணியில் மரியாவும் மற்றவையும் விடும் குறட்டை லேசாக வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் கேக்கலயே" என்றார் அவர்.

"ஆமா" என்றார் அக்கா. "நல்லா கேளுங்க."